தலைக்கு மேலே ஒரு கேலரி

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மேட் ரிவர் க்ளென் என்றொரு பனிச்சறுக்கு மலை இருக்கிறது. அதன் உச்சிக்குப் போகும் சேர்லிஃப்டில் ஒரு நாற்காலிக்கு ஓர் ஆள்தான். பேச்சுத்துணைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. கையுறையைக் கழற்றி செல்போனை எடுத்தால் விரல் விறைத்துப்போகும். சுமார் 12 நிமிடம் அந்தரத்தில் தொங்கியபடி போக வேண்டும். வேறு வேலை இல்லாததால் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: குனிந்து கீழே பார்க்கிறார்கள்.

கீழே 'சூட்', 'லிஃப்ட்லைன்' என்று இரண்டு பாதைகள். பாறைத் துருத்தல்கள், பளபளக்கும் உறைபனி, அவற்றுக்கு நடுவே இடுப்பளவு பனிமேடுகள். அதில் யாராவது ஒருவர் முழங்கால்களை ஸ்பிரிங் போல மடக்கி நீட்டி இறங்கி வந்தால் மேலேயிருந்து 'ஓ'வென்று கூச்சல் எழும். விழுந்தால் அதைவிடப் பெரிய கூச்சல்.

சேர்லிஃப்டுக்கு நேர் கீழே ஓடும் இந்த மாதிரிப் பாதைகளுக்குப் பனிச்சறுக்கு உலகில் தனி மவுசு உண்டு. எந்த மலையின் பாதை உசத்தி என்று இரண்டு சறுக்குப் பிரியர்கள் பேச ஆரம்பித்தால் லேசில் முடியாது. ஒருவர் வெர்மான்டின் ஸ்டோவ் என்பார், இன்னொருவர் நியூ மெக்சிகோவின் டாவோஸ் என்பார், மூன்றாமவர் கலிபோர்னியாவின் கேடி-22 மலையை இழுத்துவருவார். இத்தனைக்கும் இந்த வகைப் பாதையின் போக்கைத் தீர்மானித்தவர் பெரும்பாலும் சறுக்குபவரே அல்ல. வடம் கட்ட வந்த எஞ்சினீயர்.

1930-களில் வெர்மான்டின் மான்ஸ்ஃபீல்டு மலையில் அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள் கோடரியும் ரம்பமுமாகக் காட்டுக்குள் சறுக்குப் பாதை வெட்டினார்கள். அந்தப் பணியை வழிநடத்திய சார்லி லார்டு, மலையின் மடிப்புகளை அறிந்து பாதையை வளைத்து வளைத்துக் கொண்டுபோனார். சறுக்குபவருக்கு எங்கே வேகம் வேண்டும், எங்கே மூச்சு வாங்க இடம் வேண்டும் என்பதெல்லாம் அந்த வளைவுகளில் இருந்தது.

வடத்துக்கு இந்தக் கரிசனம் எதுவும் தெரியாது. அடிவாரச் சக்கரத்திலிருந்து உச்சிச் சக்கரம்வரை அது நேர்கோட்டில்தான் போகும். நடுவில் பாறை முகடு வந்தால் இந்தப் பக்கம் ஒரு தூண், அந்தப் பக்கம் ஒரு தூண், அவ்வளவுதான். காற்றில் மரம் சாய்ந்து வடத்தில் விழக் கூடாது. நடுவழியில் லிஃப்ட் நின்றுவிட்டால் பயணிகளைக் கயிறு கட்டி இறக்க, கீழே ஆட்கள் வந்து நிற்க வழி வேண்டும். அதனால் வடத்துக்கு அடியில் இரண்டு பக்கமும் மரங்களை வெட்டிவிடுகிறார்கள். காட்டுக்கு நடுவே வகிடு எடுத்ததுபோல் ஒரு நேர்ச்சந்து கிடைக்கிறது. அதில் பனி விழுந்து மூடியதும், மேலே போகிறவருக்கு முதலில் தோன்றும் எண்ணம் இதுதான்: 'இதில் இறங்கினால் என்ன?'

சேர்லிஃப்டின் பூர்வீகம் வாழைத்தாரில் இருக்கிறது என்றால் நம்பச் சற்றுக் கஷ்டமாகத்தான் இருக்கும். யூனியன் பசிபிக் ரயில்வேயின் தலைவர் ஆவெரல் ஹாரிமன், ஐடஹோ மாநிலத்தில் சன் வேலி என்ற உல்லாச நகரை உருவாக்கிக்கொண்டிருந்தார். மலையேற ஒரு சுகமான வழி தேவைப்பட்டது. ஒமஹா நகரில் இருந்த அந்த ரயில்வேயின் எஞ்சினீயர் ஜேம்ஸ் கரன், அதற்கு முன்பு வெப்ப மண்டலத் துறைமுகங்களில் வாழைத்தார்களைக் கொக்கியில் மாட்டிக் கப்பலுக்கு ஏற்றும் ஓடுவடங்களில் வேலை பார்த்தவர். தாருக்குப் பதில் நாற்காலி, நாற்காலியில் மனிதர் என்று அவர் படம் போட்டார். கோடைக்கால ஒமஹாவில் பனிக்கு எங்கே போவது? லாரியின் பக்கவாட்டில் நாற்காலியைத் தொங்கவிட்டு, காலில் ரோலர் ஸ்கேட் மாட்டிய ஆட்களைப் பின்னாலிருந்து வாரி ஏற்றிப் பார்த்தார்கள். எந்த வேகத்தில் நாற்காலி வந்தால் முழங்காலில் இடிக்காமல் ஆளை ஏந்திக்கொள்ளும் என்பது அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 1936 டிசம்பரில் சன் வேலி திறக்கப்பட்டபோது உலகின் முதல் சேர்லிஃப்டுகள் அங்கே ஓடின.

நான்கு ஆண்டுகளில் அந்த உத்தி மான்ஸ்ஃபீல்டு மலைக்கு வந்தது. 1940-ல் ஸ்டோவில் அமைந்த ஒற்றை நாற்காலி லிஃப்டின் நீளம் 6,330 அடி. அன்று அவ்வளவு நீளமானது வேறு எங்கும் இல்லை. குளிர் தாங்காதவர்களுக்குப் போர்த்திக்கொள்ளக் கம்பளியும் கொடுத்தார்கள். அதன் கீழே வெட்டப்பட்ட நேர்ச்சந்துக்குப் பெயர் வைக்க யாரும் மண்டையைக் குடைந்துகொள்ளவில்லை. 'லிஃப்ட்லைன்' என்றே விட்டுவிட்டார்கள். ஸ்டார், கோட், நேஷனல், லிஃப்ட்லைன் என்ற அங்குள்ள நான்கு பாதைகளையும் சேர்த்து 'ஃப்ரன்ட் ஃபோர்' என்பார்கள். ஒரே நாளில் நான்கிலும் இறங்கிவிட்டேன் என்று சொல்லிக்கொள்வது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு பட்டம் வாங்கிய மாதிரி. கோட் குறுகலானது, ஸ்டார் செங்குத்தானது. இவற்றோடு ஒப்பிட்டால் லிஃப்ட்லைனில் இடம் கொஞ்சம் தாராளம். ஆனால் அங்கே தப்புச் செய்தால் ஒளிய இடமில்லை.

விஷயமே அதுதான். காட்டுக்குள் ஒதுங்கிய பாதையில் எத்தனை முறை உருண்டாலும் சாட்சி அணில்கள்தான். லிஃப்டுக்குக் கீழே விழுந்தால் தலைக்கு மேல் ஒரு கேலரியே ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு ஸ்கீ ஒரு பக்கம், குச்சி மறுபக்கம், கண்ணாடி, தொப்பி எல்லாம் சரிவெங்கும் சிதறிக் கிடக்கும் விழுகைக்கு அமெரிக்கர்கள் 'யார்ட் சேல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டுவாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்பார்களே, அந்த மாதிரி. பொறுக்கி முடிப்பதற்குள் பத்து நாற்காலிகளாவது கடந்துவிடும், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு விமர்சனம். மறுபுறம், கீழே இறங்கி அடுத்த சுற்றுக்கு வரிசையில் நிற்கும்போது முன்பின் தெரியாத யாரோ தோளில் தட்டி, "நீங்கதானே அது?" என்று கேட்கும் சுகமும் இந்தப் பாதையில்தான் உண்டு.

இந்த ஊர்க்கண்ணின் மிரட்டல் நியூ மெக்சிகோவின் டாவோஸ் ஸ்கீ வேலியில் காரை விட்டு இறங்கியதுமே ஆரம்பிக்கிறது. முதல் லிஃப்டுக்குக் கீழே 'அல்ஸ் ரன்' என்ற பாதை, அடிவாரத்தில் நிற்பவரின் முகத்துக்கு நேரே சுவர்போல எழும்பி நிற்கும். முதல் தடவை வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடுவார்களோ என்ற பயம் நிர்வாகத்துக்கே இருந்திருக்க வேண்டும். அங்கே ஒரு பலகை வைத்திருக்கிறார்கள்: பதற வேண்டாம், இப்போது பார்ப்பது மலையில் முப்பதில் ஒரு பங்குதான், எளிய பாதைகளும் நிறைய உண்டு என்று.

பெயரில் இருக்கும் அல், டாவோஸைச் சேர்ந்த டாக்டர் அல் ரோசன். மாரடைப்பு வந்த பிறகும் அவர் சறுக்குவதை விடவில்லை. முதுகில் ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்தார். அந்த மலையைத் தொடங்கிய எர்னி பிளேக் மட்டும் லேசுப்பட்டவரா? ஜெர்மனியில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ உளவுப் பிரிவில் கைதிகளை விசாரித்தவர். 1944-ல் ஹிட்லரைக் கொல்லத் திட்டமிட்ட ஸ்டாஃபன்பெர்க், ட்ரெஸ்கோ போன்றவர்களின் பெயர்களைத் தன் மலைப் பாதைகளுக்குச் சூட்டினார். மரத்தடிகளில் மார்ட்டினி ஒளித்துவைத்து, பயந்து நிற்கும் சறுக்குபவருக்குத் தைரியம் ஊட்டும் பழக்கமும் அவருடையதே.

அல்ஸ் ரன்னில் இறங்குவோரைப் படுத்துவது செங்குத்து மட்டுமல்ல. 'மோகல்' எனப்படும் பனிமேடுகள்தான் அங்கே பெரிய சோதனை. இவற்றை யாரும் கட்டுவதில்லை. ஒருவர் திரும்பும் இடத்தில் ஸ்கீ பனியைச் சுரண்டித் தள்ளுகிறது. அடுத்தவர் அந்தக் குவியலைச் சுற்றித் திரும்புகிறார், குவியல் வளர்கிறது. மேட்டின் கீழ்ப்பக்கத்தில் சுரண்டப்படும் பனி அடுத்த மேட்டின் மேல்பக்கத்தில் போய்ச் சேர்வதால் ஒரு வேடிக்கை நடக்கிறது. பனி கீழே போகிறது, மேடுகள் மேலே ஏறுகின்றன! கொலராடோவில் ஒரு சரிவைத் தொடர்ந்து படமெடுத்து ஆராய்ந்தவர்கள் 2009-ல் வெளியிட்ட கணக்குப்படி, மேடுகள் நாளொன்றுக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் உச்சியை நோக்கி நகர்ந்தன. ஒரு பருவம் முடிவதற்குள் பத்து மீட்டர். லிஃப்டில் போகிறவரும் மேலே போகிறார், கீழே உள்ள மேடும் மேலே போகிறது. சறுக்குபவர் மட்டும்தான் இறங்குகிறார்.

கேடி-22 மலையில் பயப்பட வேறு காரணம் உண்டு. 1960 குளிர்கால ஒலிம்பிக் நடந்த அந்தப் பள்ளத்தாக்கை முதலில் நாடிப்போனவர்களில் ஒருவரான வெய்ன் பவுல்சனின் மனைவி சாண்டி, இந்தச் சரிவில் நேராக இறங்கத் துணியாமல், நின்ற இடத்திலேயே காலை உதறித் தூக்கித் திசை மாற்றும் 'கிக் டர்ன்' முறையில் 22 தடவை திரும்பி இறங்கினார். அந்த எண்ணிக்கையே மலைக்குப் பெயராகிவிட்டது. லிஃப்டின் கீழே 'ஃபிங்கர்ஸ்' என்ற பாறை விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டு விரலுக்கு நடுவில் புகுந்து வருவது ஒரு வகை, விரல் நுனியிலிருந்து குதிப்பது இன்னொரு வகை. புதுப்பனி விழுந்த காலையில் யார் முதலில் குதிக்கிறார் என்பதை லிஃப்டில் வரும் அத்தனை பேரும் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். இந்தப் பனிச்சறுக்கு மையத்தின் பழைய பெயரில் இருந்த சொல் பூர்வகுடிப் பெண்களை இழிவுபடுத்துவது என்பதால், 2021-ல் பாலிசேட்ஸ் டாஹோ என்று பெயர் மாற்றினார்கள்.

கேலரி முன்போல நிதானமாக ஊர்வதில்லை. கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜில் 1981-ல் ஒரு புது வகை வந்தது. நிலையத்துக்குள் நாற்காலி வடத்தை விட்டு விலகி மெதுவாகச் சுற்றிவந்து ஆளை ஏற்றிக்கொள்ளும், வெளியே வந்ததும் வடத்தைப் பற்றிக்கொண்டு பறக்கும். பழைய லிஃப்ட் விநாடிக்குச் சுமார் இரண்டரை மீட்டர் போனால், இது 5 மீட்டர் போகும், அதுவும் நான்கு பேரை வைத்துக்கொண்டு. ஸ்டோவின் ஒற்றை நாற்காலிக்கு 1986-ல் இந்த வகைதான் மாற்றாக வந்தது. கூட்டம் சீக்கிரம் மேலே போனால் சீக்கிரம் கீழேயும் வரும் என்பதை லிஃப்ட் விற்பவர்கள் அவ்வளவாக வலியுறுத்துவதில்லை.

மேட் ரிவர் க்ளென் இதற்கு மசியவில்லை. அதைத் தொடங்கிய ரோலண்ட் பால்மெடோ, ஸ்டோவின் லிஃப்டைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். அங்கே வியாபாரம் பெருகுவது பிடிக்காமல் 1940-களின் பிற்பகுதியில் தனி மலை தேடிப் போனவர். 1995-ல் அந்த மலையைச் சறுக்குபவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கினார்கள். லிஃப்ட் முதுமையடைந்தபோது, இரட்டை நாற்காலியா, பழைய ஒற்றையா என்ற கேள்வி பங்குதாரர்கள் முன் வந்தது. ஒற்றைதான் என்றார்கள். 2007-ல் தூண்களை ஹெலிகாப்டரில் கழற்றி எடுத்துப்போய், துருவை நீக்கி, வண்ணம் பூசித் திரும்ப நட்டார்கள். பதினேழு லட்சம் டாலருக்குக் குறையாத செலவு. வீம்பு என்று வெளியூர்க்காரர்கள் சொல்லலாம். ஆனால் ஒருவர் ஒருவராக மேலே போவதால்தான் கீழே பாதையில் நெரிசல் இல்லை, இயற்கைப் பனியும் அவ்வளவு சீக்கிரம் தேய்வதில்லை என்பது உள்ளூர்க் கணக்கு. 'முடிந்தால் சறுக்கிப் பார்' என்பது அந்த மலையின் வாசகம். கார்களின் பின்பக்கத்தில் அதை ஒட்டிவைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

வசந்தத்தில் பனி உருகும்போது லிஃப்ட் சந்துகளில் இன்னொரு காட்சி. குளிர்காலம் முழுக்க மேலிருந்து நழுவிய ஒற்றைக் கையுறைகளும் செல்போன்களும் சாக்லேட் உறைகளும் ஒவ்வொன்றாக வெளியே வரும். பல மலைகளில் வடத்தை ஒட்டிய ஏதாவது ஒரு மரத்தில் மணிமாலைகளும் உள்ளாடைகளும் தொங்கும். அது தவறி விழுந்ததல்ல, குறிபார்த்து எறிந்தது. நிர்வாகங்கள் கண்டும் காணாததுபோல் இருக்கும்.

மேட் ரிவர் க்ளென்னைத் தவிர ஒற்றை நாற்காலி லிஃப்ட் ஓடும் இன்னோர் இடம் அலாஸ்காவில் இருக்கிறது. கார்டோவா என்ற மீன்பிடி ஊர், படகிலோ விமானத்திலோதான் போக முடியும். 1939-ல் சன் வேலிக்காகச் செய்யப்பட்ட லிஃப்ட் ஒன்று 1970-களில் அங்கே போய்ச் சேர்ந்து, ஊரை ஒட்டிய ஐயக் மலையில் நிறுத்தப்பட்டது. வாழைத்தார் எஞ்சினீயரின் நாற்காலிகளுக்கு நெருங்கிய சொந்தமான அவை இன்றும் ஒவ்வோர் ஆளாக ஏற்றிப்போகின்றன. ஏறுகிறவர் குனிந்தால் பாதை தெரியும். கழுத்தைத் திருப்பினால் கீழே துறைமுகமும், அதில் கட்டிய மீன்பிடிப் படகுகளும்.