மாஷிமா, ஒரு நிமிஷம்!
பரிவோடு பேசி, பயனில்லாத கருவியைத் தலையில் கட்டும் வியாபாரிகள். அவர்கள் குறி வைப்பது தனித்து வாழும் முதியவர்களை

தெற்கு கொல்கத்தாவின் பாலிகஞ்சில் பல வீடுகளில் அழைப்பு மணியை அடித்தால் கதவைத் திறப்பவர் எழுபதைத் தாண்டியவர். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். வங்காளிகளானாலும் சரி, பக்கத்து லேக் மார்க்கெட் வட்டாரத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களானாலும் சரி, கதை ஒன்றுதான். கையில் ஓய்வூதியம், காலில் மூட்டுவலி, பேச்சுத் துணைக்கு ஆளில்லை. மோசடி வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்?

நாடெங்கும் இந்த வியாபாரத்தின் பாணி ஏறக்குறைய ஒன்றே. முதலில் ‘இலவசப் பரிசோதனை முகாம்.’ உலோகக் கம்பி ஒன்றைக் கையில் பிடிக்கச் சொல்வார்கள். ஒரே நிமிடத்தில் கல்லீரல் முதல் எலும்பு வரை எல்லாவற்றின் ‘கோளாறும்’ கம்ப்யூட்டரில் அச்சாகி வரும். கம்பியைப் பிடித்ததும் இத்தனையும் சொல்லிவிடும் கருவி மருத்துவத்தில் கிடையாது. ஆனால் பயம் பிடித்துக்கொள்ளும். அடுத்து அதற்குப் பரிகாரம்: காந்த மெத்தை, சூடேற்றும் படுக்கை, அதிர்வு பெல்ட். விலை பல ஆயிரம்.

விற்க வரும் இளைஞர் ‘மாஷிமா’ என்று வாய் நிறைய அழைப்பார். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று விசாரிப்பார். பெற்ற பிள்ளை வாரம் ஒருமுறை போன் செய்ய, இவர் தினமும் வந்து நிற்பார். உண்மையில் விலைபோவது மெத்தை அல்ல, அந்த அரைமணிப் பேச்சுதான்.

பணம் போவது பாதி நஷ்டம். காந்தம் மூட்டுவலியைத் தீர்க்கும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு சக்திவாய்ந்த காந்தம் ஆபத்து. மெத்தையை நம்பி ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவது அதைவிட ஆபத்து.

முதியோர் மிகுந்த ஜப்பானிலும் இதே கதை நடந்தது. காந்தப் பொருட்களைப் பெரும் விலைக்கு வயதானவர்களிடம் விற்று, அவற்றை வாடகைக்கு விட்டு வருமானம் தருவதாக ஆசை காட்டிய ‘ஜப்பான் லைஃப்’ நிறுவனம் 2018ல் திவாலானது. 2020ல் அதன் நிறுவனர் கைதானார். வாழ்நாள் சேமிப்பை இழந்தவர்கள் ஏராளம்.

இந்தியாவில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. சர்க்கரை நோய், வாதம், காது கேளாமை போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ம் ஆண்டு சட்டமே தடுக்கிறது. உடலின் இயக்கத்தை மாற்றுவதாகச் சொல்லி விற்கும் பொருட்களும் அதில் அடக்கம். 2021ல் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி, அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் விற்பனையாளர் வீட்டுக்கு வரக்கூடாது. பெரும்பாலான மருத்துவக் கருவிகளுக்கு உரிமம் கட்டாயம். பெட்டியில் உரிம எண் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிப் புரட்டு வெளிப்பட்டுவிடும்.

ஏமாந்தவர்கள் வாய் திறக்காததுதான் சிக்கல். ‘இந்த வயதில் இப்படியா’ என்று பிள்ளைகள் கேட்பார்களே என்ற கூச்சம். ரசீதைப் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதியோர் உதவிக்கு 14567 இருக்கிறது. தனித்து வாழும் முதியவர்களுக்காக கொல்கத்தா போலீஸ் 2009ல் தொடங்கிய ‘பிரணாம்’ திட்டத்தில் உறுப்பினரானால், தேவைப்படும்போது கூப்பிட ஆள் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வாக்கியம் போதும்: “என் டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன்.” நேர்மையான வியாபாரி காத்திருப்பார். ‘இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை’ என்று அவசரப்படுத்துபவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

தொலைவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை உண்டு. போனில் ‘சாப்பிட்டாயா அம்மா’ என்பதோடு, ‘இந்த வாரம் வீட்டுக்கு யார் வந்தார்கள்’ என்றும் கேட்பது. அதட்டாமல் கேட்டால், அம்மா சொல்வார்.