பேலேகாட்டாவில் ஒரு ஜப்பானிய உறவு

1993-ஆம் வருடக் கோடையைக் கல்கத்தாவில் அப்போது குடித்தனம் நடத்தியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வீடு தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடித்த காலம். சியால்தா பக்கம் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தேன். என் கேங்கில் திடகாத்திரமான பீகார்க்காரர் ஒருவர், காலையில் வேலைக்கு வந்தவர், மதியத்துக்குள் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டுவிட்டார். பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். "இந்தத் தடவை பெரியவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது" என்றார் டாக்டர். காரணம் எனக்குப் புரியவில்லை.

டிப்ளமா படித்த எனக்கு மருத்துவம் தெரியாது. ரிட்டயரான பிறகு ஆற அமரப் படித்ததில்தான் விடை கிடைத்தது. அந்தக் காலரா 1992 கடைசியில் முதலில் தலைகாட்டியது நம் மெட்ராஸில்! பிறகே கல்கத்தா வந்தது. பழைய காலராக் கிருமிக்கான பரிசோதனையில் இது சிக்கவில்லை. பேலேகாட்டாவிலுள்ள தேசியக் காலரா ஆய்வு நிலையத்தில் ராமமூர்த்தி, பாலகிருஷ் நாயர் முதலியோர் இதை ஆராய்ந்தார்கள். டோக்கியோவில் ஷிமாடா, அதுவரை அறிந்த 138 வகைகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தார். எதோடும் பொருந்தவில்லை. ஆகவே ஓ-139 என்று பெயர். புதிய வகையாதலால், பழைய காலராவால் எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களும் தப்பவில்லை. 'பெங்கால்' என்ற பட்டமும் சேர்ந்தது. வங்கக் கடலோரத்தைக் குறிப்பதாம். அந்தக் கடல் மெட்ராஸுக்கும் உண்டே என்று நாம் சமாதானம் அடையலாம்.

இந்தக் கூட்டுழைப்பில் முக்கியமானவர் கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் யோஷிஃபுமி தாகேதா. ஜப்பானில் காலரா அநேகமாக ஒழிந்துவிட்டது. அதைப் படிக்க நோயாளி இருக்கும் ஊருக்குத்தான் வர வேண்டும். வெறுமனே மாதிரிகளை எடுத்துப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல், இந்திய விஞ்ஞானிகளோடு சேர்ந்தே ஆராய்ந்து, கட்டுரைகளையும் சேர்ந்தே எழுதினார். 1998 முதல் 2003 வரை ஜப்பான் அரசின் ஜைகா திட்டம் அந்த நிலையத்தில் நடந்தது. 2007-இல் ஒகயாமா பல்கலைக்கழகம் அங்கேயே ஒரு கூட்டாய்வு மையம் திறந்தது. தாகேதா அதிலும் பணியாற்றினார்.

காலராவின் நஞ்சை 1959-இல் கண்டுபிடித்துச் சொன்னவர் இதே ஊர் சம்புநாத் டே. வாழ்ந்த காலத்தில் நம் நாட்டு அறிவியல் கழகம் எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை. இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஜப்பான் உறவு கல்கத்தாவுக்குப் புதிதல்ல. 1902-இல் ஒகாகுரா இங்கு வந்து தாகூர் குடும்பத்தோடு பழகினார். 1916-இல் தாகூர் ஜப்பான் போனார். நம்மவர் நிறைந்த லேக் மார்க்கெட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், ஏரிப் பக்கம், ஜப்பானியப் புத்தர் கோயில் ஒன்று இருக்கிறது. எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறோம்?

ஓ-139 இன்று அபூர்வம். ஆனாலும், 2006-இல் கல்கத்தாவில் சோதித்துப் பார்த்த வாய்வழித் தடுப்பு மருந்தில் அதையும் சேர்த்திருந்தார்கள். அந்தப் பழைய கேங்மேனிடம் போனில், "உங்களைப் பிடித்தது 139-ஆம் நம்பராக இருக்கலாம்" என்றேன். "எந்த லைன் வண்டி, சாகிப்?" என்று கேட்டார்.