கறுவாவும் படிமுறைத் தேடலும்

பண்டசாலை ஒன்றிலே பல்லாயிரம் பொருள்கள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றைப் பெயரை மாத்திரம் கொண்டு தேடுபவன், அப்பெயருடைய பலவற்றையும் கண்டு திகைப்பான். வகையை அறிந்து, அவ்வகையின் உட்பிரிவை அறிந்து செல்பவனோ சில அடிகளிலேயே வேண்டியதை அடைவான். கணினியிலே பேணப்படும் பொருட் பதிவேடுகளில் இந்த இரண்டாவது வழியே படிமுறைத் தேடலாக அமைந்துள்ளது.

இதன் அமைப்பு எளிது. பொருளின் பதிவில் வகைப்பெயர் எழுதப்படுவதில்லை. உட்பிரிவின் எண் ஒன்றே எழுதப்படும். அந்த எண்ணுக்குரிய பெயர் வேறோர் அட்டவணையில் இருக்கும். அவ்வட்டவணையின் ஒவ்வொரு வரியும் தனக்கு மேலான வகையின் எண்ணைத் தாங்கி நிற்கும். ஆதலால், தேடுபவர் முதற் கட்டத்தில் ஒரு வகையைத் தெரிந்தவுடன், அடுத்த கட்டத்தின் பட்டியல் அவ்வகைக்கு உரியனவாகச் சுருங்கிவிடும். பெயரொன்றில் பிழை நேர்ந்தால் ஓரிடத்தில் திருத்தினாற் போதும். அதனைச் சுட்டும் பதிவுகள் அனைத்திலும் அது திருந்திவிடும்.

உலக நாடுகளின் சுங்கப் பகுதியினர் கையாளும் பண்டப் பாகுபாடு இதற்குத் தக்க உதாரணமாகும். 1988ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இப்பாகுபாட்டில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஆறு இலக்கங்கள் உண்டு. முதல் இரண்டும் அத்தியாயம். நான்கும் சேர்ந்தால் தலைப்பு. ஆறும் சேர்ந்தால் உபதலைப்பு. கோப்பி, தேயிலை, வாசனைத் திரவியங்கள் ஆகியவை 09ஆம் அத்தியாயத்தில் அடங்கும். அதனுள் 0902 தேயிலை, 0904 மிளகு, 0906 கறுவா, 0907 கராம்பு.

கறுவா என்னும் பெயரால் வழங்குவன இரண்டு. ஒன்று இலங்கையின் மெல்லிய பட்டை. சுருளுக்குள் சுருளாகப் பல மடிப்புகள் கொண்டது. மற்றையது காசியா எனப்படும் தடித்த பட்டை. காசியாவிலே குமாரின் என்னும் பொருள் மிகுந்துள்ளது. அதனை அளவுக்கு மிஞ்சி உண்டால் ஈரலுக்குத் தீங்கு நேரலாம். இலங்கைக் கறுவாவில் அது மிகச் சொற்பமே. இவ்வளவு வேறுபாடு இருந்தும், அரைக்கப்படாத பட்டைகள் யாவும் 0906.10 என்ற ஒரே உபதலைப்பின் கீழ் நெடுங்காலம் கலந்து கிடந்தன. அந்த எண்ணைக் கொண்டு எத்துணை நுணுகித் தேடினும் இரண்டையும் பிரித்தறிதல் இயலாதிருந்தது. 2007ஆம் ஆண்டுத் திருத்தத்திலேதான் இலங்கைக் கறுவாவுக்கு 0906.11 என்றும், ஏனையவற்றுக்கு 0906.19 என்றும் தனித்தனி இடம் வகுக்கப்பட்டது. அதன் பின்னரே ஏற்றுமதிக் கணக்குகளில் இவ்விரண்டும் வெவ்வேறாகத் தோன்றலாயின.

ஆயினும் குறை முற்றாக நீங்கவில்லை. அரைத்த கறுவாத் தூளுக்கு 0906.20 என்ற ஒரே எண்தான். 2022ஆம் ஆண்டுப் பதிப்பும் இதனை மாற்றவில்லை. கண்ணாற் பார்த்து இனங்காண முடியாத தூளுக்கே பிரிவு இல்லாதிருப்பது கவனித்தற்குரியது. ஆகவே, தூளை விற்கும் வியாபாரி தமது பதிவேட்டில் சுங்க எண்ணோடு நின்றுவிடலாகாது. அதற்குக் கீழே பட்டையின் இனத்தைக் குறிக்கும் கட்டமொன்றைத் தாமே சேர்த்தல் வேண்டும்.

தேடும் கருவி எவ்வளவு விரைவுடையதாயினும், வகுத்தவர் விட்டுவிட்ட வேறுபாட்டை அது தானே கண்டறியாது. உழவனின் உழைப்புக்கு உரிய விலையும், உண்பவரின் நலனும் சில வேளைகளில் பட்டியலில் இல்லாத ஒரு கட்டத்தையே சார்ந்து நிற்கின்றன.