சுறாவின் குருதியும் மூளையின் வாயிலும்

கடலூர்த் துறைமுகத்தில் வந்திறங்கும் மீன்களுள் சுறாவும் உண்டு. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால்சுறாப் புட்டு ஆக்கித் தருவது இக்கடற்கரையின் வழக்கம். சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில், இக்கரையின் கடலுயிர்கள் நெடுங்காலமாக ஆராயப்படுகின்றன. சுறாவின் குருதியிலுள்ள தனிவகை எதிர்ப்பொருள் 1995இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அதன் நுனித்துண்டு, மனித எதிர்ப்பொருளின் எடையில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கே.

மூளையின் நுண்குழாய்ச் சுவரில் உயிரணுக்கள் இடைவெளியின்றிப் பொருந்தியுள்ளன. நஞ்சைத் தடுக்கும் இவ்வரண் மருந்தையும் தடுக்கிறது. குருதியில் செலுத்தப்படும் எதிர்ப்பொருளில் ஆயிரத்தில் ஒரு பங்களவே மூளையை அடைகிறது. மறதிநோய்க்கு மருந்து தேடுவோர் தடுமாறுவது இங்கேதான்.

சிறிய துண்டு எளிதில் நுழைந்துவிடாதா? நுழையாது, சிறுமை மட்டும் போதாது. மூளைக்கு இரும்புச்சத்து தேவை. அதனை ஏற்றிவரும் டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதத்தை உள்ளே இழுக்கும் ஏற்பிகள் அச்சுவரில் உள்ளன. அவ்வேற்பியைப் பற்றும் சுறாத்துண்டுடன் மருந்தைப் பிணைத்தால், உயிரணுவே அதனைச் சுமந்து மறுபுறம் சேர்க்கும். எலிகளில் இது நிகழ்ந்துள்ளது. நுண்ணுயிரிகளைக் கொண்டே துண்டை ஆக்கலாம் என்பதால், இதற்கெனச் சுறாவைப் பிடிக்க வேண்டுவதில்லை. ஆனால், பிடி மிக இறுகினால் துண்டு ஏற்பியை விட்டு நீங்காது. மருந்து உயிரணுவுக்குள்ளேயே சிதைந்துபோகும். ஆகவே, பிடியின் வலிமையை அளந்து திருத்துவதிலேயே ஆய்வாளரின் உழைப்பு பெரிதும் செல்கிறது.