பரீட்சை இல்லாத மூன்று ஆண்டுகள்

லண்டன் பள்ளிகளும் எங்கள் பிள்ளைகளும் – 9

ஹரோ நகராட்சியில் 2010ஆம் ஆண்டு வரைக்கும் 'மிடில் ஸ்கூல்' என்றொரு வகைப் பள்ளி இருந்தது. எட்டு வயது வரை ஃபெர்ஸ்ட் ஸ்கூல், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை மிடில் ஸ்கூல், அதற்குப் பிறகே ஹைஸ்கூல். ரெய்னர்ஸ் லேனைச் சுற்றியிருக்கிற நியூட்டன் ஃபார்ம், ரொக்ஸ்பேர்ன், லோங்ஃபீல்ட் எல்லாம் அந்தப் பெயர்களோடு இயங்கியவைதான். எங்கள் ஆட்களில் முன்னமே இங்கே வந்து குடியேறியவர்களின் மூத்த பிள்ளைகள் அந்த ஒழுங்கில் படித்து வெளியேறியவர்கள். இன்றைக்கு அவர்களே பெற்றோராகி, தங்கள் பிள்ளைகளை அதே வாசல்களில் விட்டுவிட்டு மெட்ரோபொலிட்டன் ரயிலோ பிக்கடிலி ரயிலோ பிடிக்க ஓடுகிறார்கள்.

2010 செப்டெம்பரில் ஹரோ அந்த ஒழுங்கைக் கைவிட்டது. இப்போது பதினொரு வயது முடிந்ததுமே ஹைஸ்கூல். இந்தப் பகுதிப் பிள்ளைகள் பலர் ரூக்ஸ் ஹீத், விட்மோர், நோவர் ஹில் போன்ற பள்ளிகளுக்குப் போகிறார்கள். மாற்றத்துக்கு நியாயம் இருந்தது. இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம் இயர் 7, 8, 9 ஆகிய மூன்றையும் ஒரே கட்டமாக, 'கீ ஸ்டேஜ் 3' என்று வகுத்திருக்கிறது. பழைய ஒழுங்கில் அந்தக் கட்டத்தின் முதல் ஆண்டு ஒரு பள்ளியிலும் மிச்ச இரண்டு ஆண்டுகள் இன்னொரு பள்ளியிலும் பிரிந்து கிடந்தன. இப்போது மூன்றும் ஒரே கூரைக்குக் கீழ் வந்துவிட்டன. ஆனால் எங்கள் வீடுகளின் கவனம் அந்த மூன்று ஆண்டுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வந்தது.

காரணம் லேசாகப் புரியும். இந்தக் கட்டத்தில் அரசாங்கப் பரீட்சை கிடையாது. இயர் 6 முடிவில் சாட்ஸ் வரும். அதற்குப் பிறகு பதினாறு வயதில் ஜீசிஎஸ்ஈ. முன்னர் பதினான்கு வயதிலும் ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் மூன்றுக்கும் தேசியச் சோதனை இருந்தது. 2008 ஒக்டோபரில் அதை நிறுத்திவிட்டார்கள். அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் எங்கள் வீடுகளில் பரீட்சை இருந்தால்தான் படிப்பு. ஹரோவில் அரசு கிராமர் பள்ளி இல்லாததால், லெவன் பிளஸ் பரீட்சைக்காக ஸ்லவ், பார்னெட் என்று அலைகிறோம். அது முடிந்ததும் வீடே பெருமூச்சு விடுகிறது. பிறகு இயர் 10 வந்ததும் பதறியடித்து ரியூஷன் தேடுகிறோம். நடுவில் இருக்கிற ஆண்டுகளில் பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்பாரில்லை. பள்ளிகளிலும் இந்தக் குறை இருந்திருக்கிறது. பள்ளிகளைப் பரிசோதிக்கும் ஒஃப்ஸ்டெட் அமைப்பு 2015இல் இந்தக் கட்டத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. இவை வீணான ஆண்டுகளா என்ற கேள்வியையே அதற்குத் தலைப்பாக வைத்தார்கள்.

அப்படி என்னதான் படிப்பிக்கிறார்கள்?

ஆங்கிலத்துக்கான பாடத்திட்டம் சில பக்கங்கள்தான். மூன்று ஆண்டுகளுக்குள் ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்கள், 1914க்கு முந்திய இலக்கியம், இன்றைய இலக்கியம், உலக இலக்கியம். எந்த நூல் என்பதைப் பள்ளியே தெரிவு செய்யும். 'தி டெம்பெஸ்ட்' பல இடங்களில் இருக்கும், டிக்கன்ஸ் இருப்பார், 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாடகமாகவோ கதையாகவோ வரும். இயர் 6இல் சாட்ஸுக்காக மனனம் செய்த இலக்கணப் பெயர்கள் பின்னால் போய்விடும். அவற்றைக் கொண்டு எழுதுவதும், எழுதியதைத் திருத்தி மறுபடி எழுதுவதும், வாசித்ததிலிருந்து ஆதாரம் காட்டி வாதிடுவதும் முன்னுக்கு வரும்.

விஞ்ஞானம் இதைவிட விரிந்தது. கலங்கள், சமிபாடு, ஒளித்தொகுப்பு, பரம்பரையும் டிஎன்ஏயும், துணிக்கைக் கொள்கை, ஆவர்த்தன அட்டவணை, அமிலமும் காரமும், விசை, வேகம், மின்சுற்று, ஒலி, ஒளி, விண்வெளி. பன்சன் சுடரைப் பாதுகாப்பான மஞ்சள் நிறத்தில் வைப்பது எப்போது, நீல நிறத்துக்குத் திருப்புவது எப்போது என்பது இயர் 7 பிள்ளை முதல் மாதங்களிலேயே பழகும் விஷயம். இவற்றுக்கெல்லாம் ஊடாக ஓடுவது பரிசோதனை செய்யும் முறை. எதை மாற்றுகிறோம், எதை அளக்கிறோம், எதையெல்லாம் மாறாமல் வைத்திருக்கிறோம் என்று பிரித்துச் சொல்லப் பழக்குகிறார்கள். நாங்கள் ஊரில் ஏ லெவலில்தான் சாரா மாறி, சார் மாறி என்று கேள்விப்பட்டோம். இங்கே பதினொரு வயதிலேயே அது வந்துவிடுகிறது. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இரண்டு பாடங்களும் இரண்டு கட்டிடங்களில், இரண்டு ஆசிரியர்களிடம் நடக்கின்றன. ஒன்றையொன்று தொடுவதை யாரும் பிள்ளைக்குக் காட்டுவதில்லை. ஃபிராங்கன்ஸ்டைனையே எடுங்கள். மேரி ஷெல்லி அந்தக் கதையை வெளியிட்டது 1818இல். அதற்குச் சில பத்தாண்டுகள் முன்னர் இத்தாலியில் லூயிஜி கல்வானி செத்த தவளையின் காலைத் துடிக்க வைத்திருந்தார். உயிர் என்பதே மின்சாரமா என்ற கேள்வி ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது. அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த கதையைப் பிள்ளை திங்கட்கிழமை ஆங்கில வகுப்பில் வாசிக்கிறது. செவ்வாய்க்கிழமை விஞ்ஞான வகுப்பில் பற்றரியையும் பல்பையும் கம்பியால் இணைக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு கதவு இருப்பதே அதற்குத் தெரியாது.

இந்தக் கதவு ஒரு ரசனைக்குரிய விஷயம் மட்டுமாக இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 2017இல் ரோயல் சொசைட்டியும் எடியுகேஷன் என்டோமென்ட் ஃபவுண்டேஷனும் சேர்ந்து ஓர் ஆய்வுத் தொகுப்பைக் கொண்டுவந்தன. செய்தவர்கள் ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் விஞ்ஞானத்தில் ஏன் பின்தங்குகிறார்கள் என்று தேடிப் போனவர்கள், பிள்ளையின் விஞ்ஞானப் புள்ளியோடு மிக நெருக்கமாகப் பிணைந்திருந்தது அதன் வாசித்து விளங்கும் திறன்தான் என்று கண்டார்கள். இதை ரெய்னர்ஸ் லேன் பெற்றோர் ஒவ்வொருவரும் அறிய வேண்டும். சனிக்கிழமைகளில் நாங்கள் காசு கொட்டுவது கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும். ஆங்கிலம்? "அது பிள்ளைக்கு வடிவாய் வரும், அதிலைதானே கதைக்குது" என்று விட்டுவிடுகிறோம்.

கதைக்கிற ஆங்கிலம் வேறு, பாடத்தின் ஆங்கிலம் வேறு. கனடாவில் குடியேறியவர்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கமின்ஸ் 1979இலிருந்து இதை எழுதி வருகிறார். விளையாட்டுத் திடலில் பேசும் மொழி இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். பாடம் படிக்கும் மொழியில் சகமாணவர்களை எட்டிப் பிடிக்க ஐந்து, ஏழு ஆண்டுகள்கூட ஆகும். இங்கே பிறந்த பிள்ளைக்கும் இது பாதியாவது பொருந்தும் என்பதே நான் கண்டது. நீளமான விஞ்ஞானச் சொற்கள் பெரிய சிக்கல் இல்லை, அவற்றை ஆசிரியர் பலகையில் எழுதி, எழுத்துக்கூட்டி, படம் போட்டு விளக்குவார். தடுக்கி விழுத்துவது சாதாரணச் சொற்கள். சொலூஷன், டிஷ்யூ, வொல்யூம், வேர்க், பவர் என்பவை பிள்ளைக்கு வேறு பொருளில் ஏற்கெனவே தெரிந்தவை. அதனால் கேட்டுத் தெளிய வேண்டும் என்றே தோன்றாது. கேள்வியின் தலையில் நிற்கிற டிஸ்க்ரைப், எக்ஸ்பிளெய்ன், கொம்பெயர், எவால்யுவேட் என்ற சொற்கள் இன்னும் மோசம். விவரி என்று கேட்டதற்கு விளக்கம் எழுதினாலும், விளக்கு என்று கேட்டதற்கு விவரித்தாலும் புள்ளி போய்விடும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அலெக்ஸாண்ட்ரா அவெனியூவுக்குப் பின்பக்கத் தெருவொன்று. மகள் இயர் 8. தாய் ஊரில் பயோ படித்து ஏ லெவல் எடுத்தவர், இங்கே சுப்பர்மார்க்கெட்டில் வேலை. மேசையில் விஞ்ஞானக் கொப்பி. கூம்புக் குடுவையின் வாயில் பலூனை மாட்டி வெந்நீரில் வைத்தால் பலூன் உப்புகிறது. துணிக்கைக் கொள்கையைக் கொண்டு விளக்குக. நான்கு புள்ளி. பிள்ளை எழுதியிருந்தது ஒரே வரி: சூடானதும் காற்று பெரிசாகிப் பலூனுக்குள் போனது. கிடைத்தது ஒரு புள்ளி. திருத்தி எழுதச் சொல்லி ஆசிரியர் குறிப்பு வைத்திருந்தார்.

"சூடாக்கினால் பார்ட்டிக்கிள்ஸ் பெரிசாகும்தானே, அம்மா?"

"இல்லைப் பிள்ளை. துணிக்கை அப்பிடியே அதே அளவுதான். அதுகள் ஓடுற வேகந்தான் கூடுது. வேகமாய் ஓடினா என்ன நடக்கும்?"

"இடிபடும்."

"எதிலை?"

"ஒண்டோடை ஒண்டு... பலூனிலையும்."

"அப்ப பலூனுக்கு என்ன நடக்கும்?"

பிள்ளை கொஞ்சம் யோசித்தது. "உள்ளுக்கை இருந்து தள்ளும். அதாலை பலூன் இழுபடும். பிறகு அதுகளுக்கு நடுவிலை கூட இடம் வரும்."

"அதைத்தான் அவை கேட்டிருக்கினம். அப்பிடியே எழுது."

அவ்வளவுதான். தாய்க்கு ஆங்கிலச் சொற்கள் வரவில்லை, தேவைப்படவும் இல்லை. வெப்பம் ஆற்றலைக் கொடுக்கிறது, துணிக்கைகள் வேகமாக அசைகின்றன, பலூனின் உட்புறத்தில் அடிக்கடியும் பலமாகவும் மோதுகின்றன, அமுக்கம் கூடிப் பலூன் விரிகிறது. நான்கு படிகளையும் பிள்ளை தமிழும் ஆங்கிலமும் கலந்து முதலில் வாயால் சொன்னது. பிறகு ஆங்கிலத்தில் எழுதியது. துணிக்கையே பெருக்கிறது என்பது உலகம் முழுக்க இந்த வயதுப் பிள்ளைகளிடம் ஆசிரியர்கள் காணும் பிழை. அதைப் பிடித்தவர் மானிப்பாய் பக்கத்துப் பள்ளியொன்றில் தமிழில் பௌதிகவியல் படித்த ஒரு தாய்.

மானிப்பாய் என்று எழுதும்போதே ஒருவர் நினைவுக்கு வருகிறார். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் அங்கேதான் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். விஞ்ஞானத்தைத் தமிழில் நினைக்கிற பழக்கம் எங்களிடம் அவ்வளவு காலமாக இருக்கிறது. ஓ லெவலும் ஏ லெவலும் தமிழில் படித்த பெற்றோர் ரெய்னர்ஸ் லேனில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் படிப்பு இங்கே செல்லாது என்று ஒதுங்கி, பிள்ளையின் விஞ்ஞானக் கொப்பியைத் திறப்பதற்கே கூச்சப்படுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இங்கிலாந்துக்கு இந்த விஷயம் தெரியாததல்ல. 1975இல் அலன் புல்லொக் தலைமையில் வந்த அறிக்கை, மொழியைப் படிப்பிப்பது ஆங்கில ஆசிரியருக்கு மட்டும் உரிய வேலையல்ல, எல்லாப் பாடத்துக்கும் பொதுவாகப் பள்ளிக்கு ஒரு மொழிக் கொள்கை வேண்டும் என்று பரிந்துரைத்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1985இல், வந்த சுவான் அறிக்கை, வீட்டு மொழியைக் காப்பது அந்தந்தச் சமூகத்தின் பொறுப்பு என்று விட்டுவிட்டது. அதனால்தான் எங்கள் தமிழ் வகுப்புகள் சனிக்கிழமையில், வாடகைக்கு எடுத்த வகுப்பறைகளில் நடக்கின்றன. அந்த வகுப்புகளில் ஆத்திசூடியும் கட்டுரையும் படிப்பிக்கிறோம், நல்லது. இயர் 8 பிள்ளைக்கு ஒரு நாள் ஒளித்தொகுப்பைத் தமிழில் விளக்கச் சொன்னால் என்ன? தமிழும் வளரும், திங்கட்கிழமை வகுப்புக்கும் உதவும். ஆசிரியைகள் சிலரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். பாடப்புத்தகத்தில் இல்லையே என்கிறார்கள். பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் இதை வாசிப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஆங்கில வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு முறை பழக்குகிறார்கள். முதலில் உன் கருத்து, பிறகு நூலிலிருந்து ஆதாரம், பிறகு அந்த ஆதாரம் கருத்தை எப்படிக் காட்டுகிறது என்ற விளக்கம். 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தில் வரும் கலிபனை ஷேக்ஸ்பியர் எப்படிக் காட்டுகிறார் என்று எழுத இந்த முறை. பரிசோதனையின் முடிவை எழுதவும் அதே முறைதான்: என்ன கண்டோம், எந்த அளவீடு அதைக் காட்டுகிறது, ஏன் அப்படி. ஜீசிஎஸ்ஈ விஞ்ஞானத்தில் வரும் ஆறு புள்ளி வினாக்களில் கேட்கப்படுவதும் ஒழுங்காகத் தொடுத்த பந்திதான். இயர் 11இல் ரியூஷன் ஆசிரியர் மாதிரி விடைகளை மனனம் செய்யக் கொடுப்பார். பந்தி தொடுக்கிற பழக்கத்தை அந்த அவசரத்தில் யாரும் கொடுக்க முடியாது.

அடுத்த பெற்றோர் சந்திப்பில் ஒரு பாட ஆசிரியரோடு உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். எந்த செட்டில் இருக்கிறார், எத்தனை வீதம் என்று கேட்டே அது முடிந்துவிடுகிறது. இந்த முறை விஞ்ஞான ஆசிரியரிடம் பிள்ளை சொந்தமாக எழுதிய ஒரு முடிவுரையைக் காட்டச் சொல்லுங்கள். அதில் எது குறைகிறது, கருத்தா அல்லது வசனமா என்று கேளுங்கள். ஆங்கில ஆசிரியரிடம் கதை அல்லாத நூல் எதைப் பிள்ளை வாசிக்கலாம் என்று கேளுங்கள். பதில்களோடு வீட்டுக்கு வந்த பிறகு, வாரத்தில் ஒரு மாலை தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அன்றைக்கு ஆய்வுகூடத்தில் என்ன செய்தாய் என்று பிள்ளையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலச் சொல் இடையில் விழுந்தால் விழட்டும். 'ஏன்' என்ற கேள்வியை மட்டும் விடாமல் கேளுங்கள்.

இயர் 9இல் பாடத் தெரிவு வருகிறது. விஞ்ஞானத்தை மூன்று தனிப் பாடங்களாக எடுப்பதா, இரண்டு ஜீசிஎஸ்ஈக்குச் சமமான கூட்டுப் பாடமாக எடுப்பதா என்ற முடிவு பல பள்ளிகளில் அப்போதுதான். அதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)