கிரிடில் திருத்தினால் டேட்டாபேஸில் என்ன நடக்கிறது?

டாட்நெட்டில் எழுதிய கடை மென்பொருள் ஒன்றில், கிரிடில் ஒரு பொருளின் விலையை 40 என்பதிலிருந்து 45 ஆக்கி என்டர் தட்டுகிறீர்கள். டேட்டாபேஸில் இன்னும் எதுவும் மாறவில்லை. திருத்தம் நினைவகத்தில் உள்ள டேட்டாடேபிளில்தான் உட்காருகிறது. பழைய 40, புதிய 45 இரண்டும் அங்கே இருக்கும். டேட்டாஅடாப்டரின் அப்டேட் மெத்தடை அழைத்த பிறகே, மாறிய ஒவ்வொரு வரிக்கும் ஓர் அப்டேட் கட்டளை சர்வருக்குப் போகும்.

அந்தக் கட்டளையை எஸ்க்யூஎல்கமாண்ட்பில்டரே எழுதித் தரும். ஆனால் அதற்கு உங்கள் செலக்ட் கட்டளை ஒரே டேபிளிலிருந்து எடுக்க வேண்டும். அதில் பிரைமரி கீயோ, யூனிக் ஃபீல்டோ இருக்க வேண்டும். பொருளோடு பிரிவின் பெயரையும் காட்ட இரண்டு டேபிள்களை ஜாயின் செய்தீர்களானால் கமாண்ட்பில்டர் கைவிரித்துவிடும். அப்போது அடாப்டரின் அப்டேட்கமாண்டை நீங்களே எழுத வேண்டியதுதான்.

எழுதும்போது கவனம் வேண்டியது கட்டளையின் வேர் (WHERE) பகுதியில். ஒரே வரியை இருவர் திருத்தினால் யார் சொல் நிற்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. கமாண்ட்பில்டர் இயல்பாக, ஒப்பிடக்கூடிய எல்லா ஃபீல்டுகளின் பழைய மதிப்பையும் வேரில் வைத்து ஒப்பிடும். இடையில் யாராவது அவற்றில் எதையாவது மாற்றியிருந்தால் ஒரு வரியும் பொருந்தாது, டிபிகன்கரன்சிஎக்ஸப்ஷன் எழும். எஸ்க்யூஎல் சர்வரில் ரோவெர்ஷன் ஃபீல்டு இருந்தால், கீயோடு அதை மட்டும் ஒப்பிட்டால் போதும். வரி மாறும் ஒவ்வொரு முறையும் அதன் மதிப்பு தானாக மாறிவிடும். வேரில் கீ மட்டும் இருந்தால், கடைசியாகச் சேமித்தவர் எழுதியதே நிற்கும். முந்தையவரின் திருத்தம் சத்தமில்லாமல் அழியும்.

இருப்புக் கணக்கில் இது நேரடி நஷ்டம். இருப்பு 50. ஒரு கவுன்ட்டரில் 3 விற்று 47 என்று சேமிக்கிறார்கள். அதற்கு முன்பே 50 என்று திறந்து வைத்திருந்த இன்னொரு கவுன்ட்டரில் 5 விற்று 45 என்று சேமிக்கிறார்கள். பதிவில் 45, அலமாரியில் 42. இங்கே வேரில் பழைய இருப்பை ஒப்பிடாமல், செட் (SET) பகுதியையே மாற்றுங்கள்: இருப்பு = இருப்பு + (புதியது − பழையது). ஒரே ஃபீல்டுக்கு இரண்டு பாராமீட்டர்கள் கொடுத்து, ஒன்றின் சோர்ஸ்வெர்ஷனை கரன்ட் என்றும், மற்றதை ஒரிஜினல் என்றும் வைத்தால் போதும். முதலில் −3, பிறகு −5. சரியாக 42 வரும். இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகாதபடி வேரில் ஒரு நிபந்தனையும் சேர்க்கலாம்.

விலைக்கு இந்த வழி ஒத்துவராது. இருவர் இரண்டு விலை போட்டால் கூட்டிக் கழிக்க முடியாது. அங்கே மோதலைக் காட்டி, பயனரையே முடிவெடுக்கச் சொல்ல வேண்டும்.

இரண்டு இடங்களில் பலர் இடறுவார்கள். ரோவெர்ஷனை நம்பினால், அப்டேட் முடிந்ததும் புது மதிப்பை செலக்ட் செய்து அதே வரிக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் அடுத்த திருத்தத்தில் உங்களோடு நீங்களே மோதுவீர்கள். இரண்டாவது, அப்டேட் செய்யும் ஸ்டோர்டு புரொசீஜரில் செட் நோகவுன்ட் ஆன் இருந்தால், எத்தனை வரி மாறியது என்ற கணக்கு அடாப்டருக்கு வராது. மோதல் நடந்தும் எக்ஸப்ஷன் எழாது.

ஆகவே கட்டளை எழுத உட்காரும் முன், ஒவ்வொரு ஃபீல்டுக்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள்: இருவர் ஒரே நேரத்தில் மாற்றினால் கூட்டுவதா, தடுப்பதா, பிந்தியவருக்கு விடுவதா?