குழந்தையின் தலைவடிவும் அதன் அளவைகளும்

பிறந்து சில திங்களே ஆன குழந்தையின் பின்தலை ஒருபுறம் தட்டையாயிருத்தலைப் பெற்றோர் பலர் கண்டிருப்பர். தட்டை மிகுதியாயின் மருத்துவர் சிலர் தலைக்கவசம் அணிவிக்கச் சொல்வர். அப்போது பெற்றோர் கையில் அளவுச்சீட்டு ஒன்றும் தரப்படும். அதிலுள்ள எண்கள் எதனைக் குறிக்கின்றன? கூடினால் நன்றா, குறைந்தால் நன்றா? எண் என்றதும் ஆசிரியரை நாடுவது நம் மக்கள் வழக்கமாதலின், இவற்றை நாம் அறிந்திருத்தல் நலம்.

தலை தட்டையாவது ஏன்?

மண்டையோடு ஒரே எலும்பன்று. பல எலும்புகள் பொருந்தி அமைந்தது. குழந்தைப் பருவத்தில் இவற்றின் பொருத்துவாய்கள் இறுகுவதில்லை. உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தோர் இதனை அறிவர். பிறக்கும்போது ஏறத்தாழ 35 செண்டிமீட்டராயிருக்கும் தலைச்சுற்றளவு, ஓராண்டு நிறைவில் 46 செண்டிமீட்டரை எட்டுகிறது. முதல் மூன்று திங்களில் திங்களுக்கு 2 செண்டிமீட்டர், அடுத்த மூன்றில் 1, அதன்பின் அரை என்னும் அளவில் வளர்ச்சி படிப்படியாகக் குறைந்து செல்லும். இவ்வாறு விரைந்து வளரும் தலை எப்போதும் ஒரே பக்கமாகப் படுக்கையில் அழுந்தின், அப்பக்கம் வளர இடமின்றித் தட்டையாகும். கழுத்துத் தசை ஒருபுறம் இறுகியிருத்தலும் இதற்கு ஒரு காரணம்.

குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைத்தல் ஆகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1992இல் அறிவுறுத்தியது. மல்லாந்து உறங்கும் வழக்கம் பரவியபின், உறக்கத்தில் நிகழும் திடீர் மரணங்கள் அந்நாட்டில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. தட்டைத் தலைகளோ மிகுந்தன. உயிர்காத்த வழக்கத்தின் சிறு பக்கவிளைவு இது.

நீளமும் அகலமும்

சீட்டில் காணும் முதல் எண் தலைக்குறியெண். தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் இது கிடைக்கும். நீளம் 140 மில்லிமீட்டர், அகலம் 119 எனின், குறியெண் 85. பின்தலை முழுவதும் தட்டையாயின் நீளம் குறையும். எண் 90ஐயும் கடக்கும். தலை ஒடுங்கி நீண்டிருப்பின் எண் 75க்கும் கீழே இறங்கும்.

இக்குறியெண்ணை 1842இல் வகுத்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் ஆண்டர்ஸ் ரெட்சியஸ். பிற்காலத்தார் இதனைக் கொண்டு மக்களை இனம் பிரிக்க முற்பட்டனர். சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டனும் தென்னாட்டு மக்களின் தலைகளை அளந்தவரே. அமெரிக்காவில் குடியேறியோரின் பிள்ளைகளுக்குத் தலைக்குறியெண் பெற்றோரினின்றும் வேறுபடுகிறது என்று பிரான்சு போவாஸ் 1912இல் எடுத்துக்காட்டினார். தலைவடிவு வாழும் சூழலுக்கேற்ப மாறுவது என்பது அதனாற் புலனாயிற்று.

இரு மூலைவிட்டங்கள்

ஒருபுறம் மட்டும் தட்டையான தலையை மேலிருந்து நோக்கின், இணைகரம் போலத் தோன்றும். வலப் பின்தலை தட்டையாயின், வலக்காதும் வலநெற்றியும் முன்தள்ளி நிற்கும். இணைகரத்தின் மூலைவிட்டங்கள் சமமல்ல என்பதை நாம் வகுப்பில் கற்பிக்கிறோம் அன்றோ? அதுவே இங்கும் அளவுகோல். நடுக்கோட்டினின்று இருபுறமும் 30 பாகை விலகி, நெற்றியிலிருந்து எதிர்ப்பின்தலை வரை இரு மூலைவிட்டங்களை அளப்பர். ஒன்று 140, மற்றொன்று 128 எனின் வேறுபாடு 12 மில்லிமீட்டர். இதனை விழுக்காடாக்கிக் கூறுவதே சமமின்மைக் குறியெண்.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரக் குழந்தை மருத்துவ நிலையம் இதனை ஐந்து படிகளாகப் பகுத்தது. 3.5க்கு உட்பட்டது முதற்படி, 6.25 வரை இரண்டாவது, 8.75 வரை மூன்றாவது. 11 வரை நான்காவது. அதற்கு மேற்பட்டது ஐந்தாவது.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. வேறுபாட்டைச் சிலர் பெரிய மூலைவிட்டத்தாலும் சிலர் சிறியதாலும் வகுப்பர். 12ஐ 140ஆல் வகுத்தால் 8.6 விழுக்காடு, 128ஆல் வகுத்தால் 9.4. தலை ஒன்றே, எனினும் முதற் கணக்கில் மூன்றாம் படி, இரண்டாவதில் நான்காம் படி! ஆகவே ஓரிடத்துச் சீட்டை வேறிடத்துச் சீட்டோடு ஒப்பிடுமுன், எதனால் வகுத்தனர் என்று கேட்டறிதல் வேண்டும்.

கவசம் அணிந்தபின்

கவசம் தலையை நசுக்கி உருவாக்குவதன்று. புடைத்த பக்கத்தைத் தொட்டு நின்று, தட்டையான பக்கத்தில் வெற்றிடம் விடுவது. வளர்ச்சி அவ்விடத்தை நிரப்பும். வளர்ச்சி விரைவாயுள்ள காலத்திலேயே பயன் மிகுதி என்பதும், நாளுக்கு 23 மணி நேரம் அணியச் சொல்வதும் இதனாலேயே.

ஆதலின், சிறிய மூலைவிட்டம் வளர்ந்ததா, பெரியது ஏறத்தாழ நின்றதா என்பதையே முதலில் நோக்குக. 140, 128 என்பன சில வாரங்களில் 142, 134 ஆயின், வேறுபாடு 12இலிருந்து 8ஆயிற்று. இது மெய்யான முன்னேற்றம். 146, 134 ஆயின், பெரியதால் வகுக்க விழுக்காடு 8.6இலிருந்து 8.2ஆகக் குறையும், ஆயினும் வேறுபாடு அதே 12 தான். தலை வளர்ந்ததால் வந்த குறைவு இது. அன்றியும் குழந்தை அசையும், அளப்போர் கை மாறும். ஓரிரு மில்லிமீட்டர் மாற்றத்தைக் கண்டு மகிழ்தலும் வருந்துதலும் வேண்டா.

கவசம் இன்றியமையாததா?

ஆலந்து நாட்டில் 84 குழந்தைகளை இரு பிரிவாக்கி ஆராய்ந்து 2014இல் முடிவு வெளியிட்டனர். இரண்டு வயதில் முற்றும் சீரடைந்தோர், கவசம் அணிந்தோருள் 26 விழுக்காடு, அணியாதோருள் 23. மிகக் கடுமையான குறையுடையோர் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. நிலைமாற்றிப் படுக்கவைத்தும் தேறாத, நடுத்தரத்திற்கு மேற்பட்ட குறைக்குக் கவசம் தகும் என்று அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் பேரவை 2016இல் பரிந்துரைத்தது. எனவே சிறு குறைக்குப் பெரும்பணம் செலவிட முடியவில்லையே என்று எளிய பெற்றோர் ஏங்க வேண்டுவதில்லை. விழித்திருக்கையில் நம் கண்பார்வையில் குப்புற விளையாடவிடுதல், தலையை மறுபுறம் திருப்பப் பழக்குதல், தோளில் தூக்கி வைத்தல் ஆகியவை காசு வேண்டாத சிகிச்சைகள். குளிப்பாட்டும்போது தலையை அழுத்தி உருட்டிப் பிடிக்கும் பழைய வழக்கம் இதற்கு மருந்தாகாது.

பொருத்துவாய் உரிய காலத்திற்கு முன்பே இறுகிப்போதலாலும் தலை கோணும். அதற்கு அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும். ஆகவே மருத்துவர் கைதொட்டு ஆராய்ந்த பின்னரே அளவுச்சீட்டுக்குப் பொருளுண்டு. மேலும், தட்டைக்கு அஞ்சி உறங்கும் குழந்தையைக் குப்புறக் கிடத்துதல் ஒருபோதும் கூடாது. தலையின் வடிவு பின்னர்ச் சீர்படக் கூடும். போன உயிர் மீளாது. சீட்டோடு நம்மிடம் வரும் பெற்றோர்க்குக் கணக்கை விளக்குமுன் இதனைச் சொல்லிவிடுதல் நம் கடன்.